தட்டணுக்கள் சரியாக இருந்தும் உதிரம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: கொள்ளிடக் கரையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 14 வயது. பூப்பெய்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதவிலக்கிலிருந்தே ஒன்பது, பத்து நாட்கள் உதிரப்போக்கு நீடிக்கிறது. முதல் மூன்று நாட்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. நெல்லிக்காய் அளவில் கட்டிகளும் விழுகின்றன. சிறு வயதில் அவளுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடையும். இப்போது ஹீமோகுளோபின் 7.4. தட்டணுக்கள் 2,80,000 இருக்கின்றன. இரத்தக்கசிவு நேரம், உறைவு நேரம், புரோத்ராம்பின் நேரம், ஏ.பி.டி.டி. எல்லாம் சரியாக இருப்பதாக அறிக்கை வந்தது. வயிற்றுவலிக்கு மெஃபனமிக் அமில மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கிறோம். எனக்கும் மாதவிலக்கு இப்படித்தான் இருந்தது. இரண்டாவது பிரசவம் முடிந்து பத்தாம் நாள் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் நஞ்சுக்கொடி எதுவும் தங்கவில்லை என்றார்கள். என் மாமியார் எனக்கு அத்தையும் ஆவார். "உடம்புச் சூடுதான் காரணம், நம் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் வாகு" என்கிறார் அவர். "கட்டி கட்டியாக விழுகிறதே, அப்படியானால் இரத்தம் நன்றாகத்தானே உறைகிறது?" என்கிறார் என் கணவர். நகரத்து மருத்துவர் ஒருவர் 'வான் வில்லிபிராண்ட்' என்றொரு பரிசோதனை எடுக்கச் சொல்கிறார். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகுமாம். எல்லாம் சரியாக இருக்கும்போது அது தேவைதானா? ஒன்பது வயது மகனுக்கு மே மாத விடுமுறையில் டான்சில் அறுவைச் சிகிச்சை செய்ய இருப்பதால் கையில் உள்ள பணத்தை யோசித்துச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரி,

அந்தப் பரிசோதனை தேவை. மகனுடைய டான்சில் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணத்தைக் கடைசியில் விளக்குகிறேன். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு நோயை உறுதி செய்வது மருத்துவ முறை ஆகாது, நானும் அதைச் செய்யப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் நான்கு செய்திகள், அதாவது மகளின் சில்லுமூக்கு, முதல் மாதவிலக்கிலிருந்தே நீடிக்கும் உதிரப்போக்கு, உங்களுடைய பத்தாம் நாள் இரத்தப்போக்கு, "நம் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் வாகு" என்ற உங்கள் அத்தையின் சொல் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தி ஒரே திசையை, அதாவது வான் வில்லிபிராண்ட் நோய் என்ற பரம்பரை இரத்தக்கசிவு நோயைக் காட்டுகின்றன. உங்கள் கையில் உள்ள அறிக்கைகள் அந்தத் திசையைப் பார்க்கவே இல்லை. அவை எதைப் பார்த்தன, எதைப் பார்க்கவில்லை என்பது புரிய வேண்டுமானால், காயம் பட்ட இடத்தில் இரத்தம் எப்படி நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

நீங்கள் கொள்ளிடக் கரைக்காரர் என்பதால் இதைச் சொல்வது எனக்கு எளிது. வெள்ளக் காலத்தில் கரை உடைப்பெடுத்தால் எப்படி அடைப்பார்கள் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற தண்ணீரில் வெறும் மணல் மூட்டையைப் போட்டால் அது நிற்காது, தண்ணீரோடு போய்விடும். முதலில் சவுக்குக் கட்டைகளை முளையாக அடித்து, அந்த முளைகளில் மூட்டைகள் தங்கிய பிறகு, இடுக்குகளில் களிமண்ணை அப்பி இறுக்குவார்கள். முளை, மூட்டை, மண் என்ற இந்த வரிசையில்தான் உடலும் வேலை செய்கிறது.

ஓர் இரத்தக்குழாய் அறுபட்டதும் அது முதலில் தன்னைச் சுருக்கிக்கொண்டு வெளியேறும் இரத்தத்தின் அளவைக் குறைக்கிறது. குழாயின் உட்சுவர் கிழிந்த இடத்தில், வழக்கமாக இரத்தத்தின் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் வெளிப்படுகிறது. இந்த நாரில் போய் ஒட்டிக்கொள்வதற்காகவே இரத்தத்தில் ஒரு புரதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர்தான் வான் வில்லிபிராண்ட் காரணி. இது குறைந்தோ பழுதாகியோ இருப்பதே வான் வில்லிபிராண்ட் நோய். நம் இரத்தத்தில் கரைந்துள்ள புரதங்களிலேயே மிக நீளமான சங்கிலிகளுள் இதுவும் ஒன்று. சாதாரண நேரத்தில் நூற்பந்து போலச் சுருண்டு, யாரையும் ஒட்டாமல் மிதக்கும் இது, கிழிந்த இடத்தில் ஒரு முனை மாட்டிக்கொண்டதும், வேகமாகப் பாயும் இரத்தத்தின் இழுப்பினாலேயே நீண்ட கயிறாக விரிகிறது. விரிந்த பிறகுதான் தட்டணுக்களைப் பிடிக்கும் கொக்கிகள் அதில் வெளிப்படுகின்றன. ஓட்டம் எவ்வளவு வேகமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த முளை தேவைப்படுகிறது. அந்த ஓட்டத்தின் வேகமே முளையை எழுப்பியும் கொடுக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக இதைப் படித்தும் கற்பித்தும் வருகிற எனக்கு இந்த ஏற்பாடு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

தட்டணுக்கள் அந்தக் கயிற்றில் சிக்கி, உருண்டு, வேகம் குறைந்து நிற்கின்றன. டெங்குக் காய்ச்சலின் தயவால் தமிழகத்தில் தட்டணுவை அறியாதவர் இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை அவை இருக்க வேண்டும் என்பதும் பலருக்கு மனப்பாடம். நின்ற தட்டணு தன் தட்டையான வடிவத்தை விட்டுவிட்டுக் கைகால் முளைத்தது போல் விரிந்து, தன்னுள் வைத்திருக்கும் வேதிப்பொருட்களை வெளியே கொட்டி மற்றத் தட்டணுக்களை அழைக்கிறது. வந்தவை ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று பிணைந்து, சில நிமிடங்களில் ஓர் அடைப்பாக மாறுகின்றன. இதே நேரத்தில், கிழிந்த திசுவிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் இரத்தத்தில் உள்ள உறைகாரணிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டிவிட, முடிவில் த்ராம்பின் என்ற நொதி உருவாகி ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. மூட்டைகளின் மேல் களிமண் அப்புவதைப் போல இந்த இழைகள் தட்டணு அடைப்பின் மேல் வலையாகப் படிந்து இறுகுகின்றன. பதின்மூன்றாம் காரணி அந்த இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து உறுதிப்படுத்துகிறது. பிறகு, சுவர் ஆறி வரும்போது, பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி இந்த வலையை மெல்லக் கரைத்துவிடுகிறது. உறைவது போலவே கரைவதும் உடல் திட்டமிட்டுச் செய்யும் வேலைதான். கரைக்கும் ஏற்பாடு இல்லையென்றால் ஒவ்வொரு சிறு காயமும் குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும்.

இப்போது உங்கள் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். தட்டணு 2,80,000 என்பது கரையில் அடுக்கி வைத்திருக்கும் மூட்டைகளின் எண்ணிக்கை. அது தாராளமாகவே இருக்கிறது. புரோத்ராம்பின் நேரமும் ஏ.பி.டி.டி.யும் களிமண்ணின் இறுக்கத்தைச் சோதிப்பவை. அதாவது, சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து, அதிலிருந்து அணுக்களை நீக்கிவிட்டு, எஞ்சிய பிளாஸ்மாவில் கால்சியத்தையும் தூண்டும் பொருளையும் சேர்த்து, எத்தனை வினாடிகளில் ஃபைப்ரின் உருவாகிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் குழாயில் இரத்த ஓட்டம் இல்லை, கிழிந்த சுவர் இல்லை, தட்டணுவும் இல்லை. அசையாமல் நிற்கும் நீரில் முளைக்கு என்ன வேலை? முளை பழுதாக இருந்தாலும் அந்தச் சோதனை சரியாகவே வரும். எட்டாம் காரணி என்ற உறைகாரணியைத் தன் தோளில் சுமந்து காப்பதும் வான் வில்லிபிராண்ட் காரணிதான் என்பதால், அது மிகவும் குறைந்துபோனால் மட்டும் எட்டாம் காரணியும் சரிந்து ஏ.பி.டி.டி. நீளும். மிதமான குறைபாட்டில் அந்த அளவுக்குச் சரிவதில்லை.

இரத்தக்கசிவு நேரம் என்பது விரல் நுனியிலோ காது மடலிலோ ஊசியால் குத்தி, வடிகட்டும் தாளால் ஒற்றியெடுத்துப் பார்க்கும் சோதனை. டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் 1910ஆம் ஆண்டில் விவரித்த அந்த முறையைத்தான் நம் ஊர் ஆய்வகங்கள் இன்றும் அறுவைச் சிகிச்சைக்கு முன் வழக்கமாகச் செய்கின்றன. குத்தும் ஆழம், தோலின் தடிமன், குத்துபவரின் கை ஆகியவற்றுக்கேற்ப முடிவு மாறுவதால் இதை நம்பி இரத்தக்கசிவு நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பல நாடுகளில் இதைக் கைவிட்டே பல ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடியில் பார்க்கும் உறைவு நேரம் அதைவிடவும் பலவீனமானது. கண்ணாடிக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர் ஜான் ஹேகமன் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளி. அவருடைய இரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய மிக நீண்ட நேரம் ஆனது. ஆனால் வாழ்நாளில் அவருக்கு இரத்தக்கசிவுத் தொல்லை இருந்ததே இல்லை. கண்ணாடியின் மேற்பரப்பு தூண்டிவிடும் பன்னிரண்டாம் காரணி அவரிடம் இல்லை என்பதை 1955ஆம் ஆண்டில் விவரித்தார்கள். அவர் 1968இல் இறந்தது இரத்தம் நிற்காமல் அன்று. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது, உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்ததால் இறந்தார். சோதனை தவறாகக் காட்டியும் உடல் சரியாக இருந்த கதை அவருடையது. சோதனை சரியாகக் காட்டியும் உடல் தவறுகிற கதை உங்கள் வீட்டில் நடக்கிறதோ என்பதே என் ஐயம்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமான கேள்வி. பல குடும்பங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். மாதவிலக்கின்போது கருப்பையின் உட்சவ்வு உதிரும் இடத்தில் நுண்ணிய தமனிகள் திறந்துகொள்கின்றன. அங்கே தட்டணு அடைப்பு உருவாகத்தான் செய்கிறது. அதே சமயம் உறைந்ததைக் கரைக்கும் நொதிகளைக் கருப்பை தானே ஏராளமாகச் சுரக்கிறது. இயல்பான மாதவிலக்கில் வெளிவரும் உதிரம் பெரும்பாலும் கட்டியில்லாமல் வருவதற்குக் காரணம், அது உள்ளேயே உறைந்து, உள்ளேயே கரைக்கப்பட்டு வருவதுதான். ஒரு முறை மாதவிலக்கில் வெளியேறும் உதிரம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர்; 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதை அதிக உதிரப்போக்கு என்கிறோம். வரும் உதிரத்தின் அளவு கரைக்கும் நொதிகளின் சக்தியை மிஞ்சும்போது, கரையாத மிச்சம் கட்டியாக விழுகிறது. ஆகவே நெல்லிக்காய் அளவுக் கட்டி என்பது உடைப்பின் அளவைக் காட்டுகிறதே தவிர, அடைப்பின் வலிமையைக் காட்டவில்லை. ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி, ஏழு நாட்களுக்கு மேல் நீடிக்கும் போக்கு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நனைந்துவிடும் நாப்கின் ஆகியவற்றுள் எது ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்கு இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன.

இந்தக் காரணிக்குப் பெயர் கொடுத்த எரிக் வான் வில்லிபிராண்ட் பின்லாந்து நாட்டு மருத்துவர். பால்டிக் கடலில் உள்ள ஓலாந்துத் தீவுகளில் ஃபோக்லோ என்ற இடத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி 1924ஆம் ஆண்டில் அவரிடம் வந்தாள். மூக்கிலும் ஈறுகளிலும் அடிக்கடி இரத்தம் கசியும். அவளுடைய சகோதரிகள் சிலர் இரத்தப்போக்கினாலேயே இறந்திருந்தார்கள். அந்தச் சிறுமியோடு நிறுத்திக்கொள்ளாமல் அவள் குடும்பத்தை முழுமையாக விசாரித்த அவர், 66 பேரில் 23 பேருக்கு இரத்தக்கசிவுத் தொல்லை இருப்பதையும், அது ஹீமோஃபிலியா என்ற பரம்பரை இரத்தக்கசிவு நோயைப் போல ஆண்களை மட்டும் பெரிதும் தாக்காமல் பெண்களையும் தாக்குவதையும், தட்டணு எண்ணிக்கையில் குறை இல்லை என்பதையும் 1926இல் எழுதி வெளியிட்டார். அந்தச் சிறுமி 13 வயதில், தன் நான்காவது மாதவிலக்கின்போது இரத்தப்போக்கால் இறந்துபோனாள். உங்களை அச்சுறுத்த இதை எழுதவில்லை. அவளுக்குக் கொடுக்க அன்று மருந்து எதுவும் இல்லை, இன்று இருக்கிறது. ஆனால் பருவமடையும் வயதில் இந்த நோய் பெண்களிடம் கடுமையாகத் தன்னை வெளிக்காட்டக்கூடும் என்பதும், குடும்பத்தை விசாரிப்பதே இதன் முதல் பரிசோதனை என்பதும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த உண்மைகள். அப்படியிருந்தும் நம் வீடுகளில் இது இன்னும் 'சூடு' என்றும் 'வாகு' என்றும் பெயர் மாற்றிக்கொண்டு திரிவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் அத்தையைக் குறை சொல்லவில்லை. அவரும் தம் வயதில் இதே வேதனையை யாரிடமும் சொல்லாமல் கடந்து வந்திருக்கக்கூடும்.

உங்களுடைய பத்தாம் நாள் இரத்தப்போக்கை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கருவுற்ற காலத்தில் வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவு இயல்பாகவே ஏறத் தொடங்கி, பிரசவ நேரத்தில் இரண்டு, மூன்று மடங்காகிவிடும். அதனால் இந்தக் காரணி மிதமாகக் குறைந்திருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தின்போது தொல்லை ஏதும் தெரியாமல் போகலாம். பிரசவம் முடிந்ததும் அந்த ஏற்றம் வடிந்து, மூன்று வாரங்களுக்குள் பழைய குறைந்த அளவுக்குத் திரும்புகிறது. கருப்பையின் காயம் முழுவதும் ஆறுவதற்குள் முளைகள் குறைந்துபோவதால் ஏழாம் நாளிலோ பத்தாம் நாளிலோ திடீரென்று உடைப்பெடுக்கிறது. தாமதமான இரத்தப்போக்குக்கு நஞ்சுத் துண்டு தங்குவதும் கிருமித்தொற்றும் காரணமாகலாம் என்பது உண்மைதான்; ஆனால் நஞ்சு தங்கவில்லை என்று உங்களுக்குச் சொன்ன பிறகு, வேறு காரணத்தை யாராவது தேடியிருக்க வேண்டும். ஆகவே பரிசோதனை மகளுக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் தேவை.

மாற்றுக் காரணங்களையும் நான் மறைக்கக் கூடாது. பூப்பெய்திய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பல பெண் குழந்தைகளுக்குச் சினைமுட்டை ஒழுங்காக வெளிவராததால் ஹார்மோன் சமநிலை தவறி அதிக உதிரப்போக்கு ஏற்படுவது சாதாரணமானதே. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உதிரப்போக்கு அதிகமாகும். அது வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவையே குறைத்துவிடுவதும் உண்டு. எனவே தைராய்டு சோதனையையும் அடிவயிற்று ஸ்கேனையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்து வேலையில் குறைபடும் அரிய நோய்களும் இருக்கின்றன. முதல் சோதனை சரியாக வந்தால் மருத்துவர் அவற்றைத் தேடுவார்.

கேட்க வேண்டிய சோதனை ஒன்றல்ல, மூன்று: வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவு, அதன் செயல்திறன், எட்டாம் காரணியின் அளவு. அளவு சரியாக இருந்து செயல்திறன் மட்டும் பழுதான வகை ஒன்று இருப்பதால், அளவை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. செயல்திறனை அளக்கப் பல இடங்களில் ரிஸ்டோசெட்டின் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு காலத்தில் கிருமிக்கொல்லி மருந்தாக இருந்தது. நோயாளிகளின் தட்டணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்டு, பிறகு அந்தக் கெட்ட குணத்தாலேயே ஆய்வகத்துக்குப் பயன்பட்டது. செயல்திறன் 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நோய் என்று கொள்கிறோம். 30க்கும் 50க்கும் இடையில் இருந்து, உங்கள் மகளைப் போல இரத்தக்கசிவு வரலாறும் இருந்தால் அதையும் நோயாகவே கருதிச் சிகிச்சை தருகிறோம். இரத்த வகை ஓ ஆக இருந்தால் இந்தக் காரணி மற்ற வகையினரைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவாக இருப்பது இயல்பு என்பதால், இரத்த வகையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையின் முடிவு எளிதில் பொய்யாகிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அச்சம், அழுகை, ஓட்டம், காய்ச்சல் ஆகிய எல்லாமே இந்தக் காரணியைத் தற்காலிகமாக உயர்த்திவிடும். ஊசிக்குப் பயந்து கதறிய குழந்தைக்குச் சரியான அளவு இருப்பதாக அறிக்கை வரலாம். மாறாக, எடுத்த இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பினால் அளவு செயற்கையாகக் குறைந்துவிடும். ஆகவே இரத்தம் எடுக்கும் இடத்திலேயே பரிசோதனையும் நடக்கும் மையத்துக்குப் போவது நல்லது. மகள் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்த பிறகு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மாதவிலக்கின் முதல் சில நாட்களில் இந்தக் காரணி பொதுவாகத் தாழ்ந்திருப்பதால், முடிந்தால் அந்த நாட்களில் எடுப்பது சிறந்தது. ஒரு முறை சரியாக வந்தாலும் ஐயம் தீராவிட்டால் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். அதை வீண்செலவு என்று எண்ணாதீர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறையில் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். உங்களுக்கு அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஹீமோஃபிலியா சிகிச்சைப் பிரிவிலும் முதலில் விசாரியுங்கள். பெயர் ஹீமோஃபிலியா என்று இருந்தாலும் இந்த நோயாளிகளையும் அங்கே பார்க்கிறார்கள்.

சோதனை முடிவுக்குக் காத்திராமல் இன்றே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. மெஃபனமிக் அமில மாத்திரையை நிறுத்திவிடுங்கள். இரத்தக்கசிவு நோய் இல்லாத பெண்களுக்கு அது வலியையும் உதிரத்தையும் குறைக்கும் நல்ல மருந்துதான். ஆனால் அது தட்டணுக்களின் செயலைத் தடுக்கக்கூடியது. முளையே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது மூட்டையிலும் ஓட்டை போடக் கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வலிக்கு அவள் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். நோய் தெளிவாகும் வரை தசையில் போடும் ஊசிகளையும் தவிர்க்கச் சொல்லுங்கள். சில்லுமூக்கு மறுபடி உடைந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல், சற்று முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் இடைவிடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிட்டு, சுத்தமான துணியால் அழுத்துங்கள்.

ஹீமோகுளோபின் 7.4 என்பது ஒரு மாதத்தில் வந்த இழப்பு அன்று. இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த கடன். உடல்நலத்தோடு உள்ள ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். பேரீச்சம்பழமும் பீட்ரூட் சாறும் இந்தக் கடனை அடைக்க மாட்டா. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, தேநீர், பாலுடன் சேர்க்காமல், எலுமிச்சைச் சாற்றோடோ ஒரு கொய்யாப் பழத்தோடோ கொடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதங்களுக்கு நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்ற முடியும். மகளுக்கு மயக்கமோ மூச்சுத்திணறலோ படபடப்போ வந்தாலும், மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நோய் உறுதியானால் சிகிச்சை எளிமையானதே. டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரையை மாதவிலக்கின் முதல் சில நாட்கள் மட்டும் கொடுப்பார்கள். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவர் கணவரும் 1962ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய மருந்து இது. போர் முடிந்து நாடு வறுமையில் இருந்த காலத்தில், பிரசவத்தில் இரத்தம் போய்ப் பெண்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர்களின் எண்ணமாக இருந்தது. இந்த மருந்து இரத்தத்தைப் புதிதாக உறையச் செய்வதில்லை. உருவான ஃபைப்ரின் வலையைக் கருப்பையின் நொதிகள் கரைத்துவிடாமல் காக்கிறது. அது போதாதபோது ஹார்மோன் மாத்திரைகளைத் தருவார்கள். அவை கருத்தடை மாத்திரைகளாயிற்றே, 14 வயதுப் பெண்ணுக்கா என்று நீங்கள் திடுக்கிடக் கூடும். அவை கருப்பையின் உட்சவ்வைத் தடிக்க விடாமல் வைத்து உதிரத்தைக் குறைக்கும் மருந்துகள். நிறுத்திய பிறகு குழந்தைப் பேற்றைக் கெடுப்பதில்லை. டெஸ்மோபிரெசின் என்ற மருந்து, குழாய்ச் சுவரின் செல்களுக்குள் சேமித்து வைத்திருக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியை வெளியே விடச் செய்கிறது. அது எல்லா வகையினருக்கும் ஏற்றதன்று என்பதால், நோயின் வகையைத் தெரிந்துகொண்டு, ஒரு முறை கொடுத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துவார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு அந்தக் காரணியையே செறிவாக்கி ஊசி மூலம் செலுத்துகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களும் உங்கள் கணவரும் சொந்தத்தில் மணந்தவர்கள். உங்கள் அத்தையும் தம்மையும் சேர்த்தே 'நம் வீட்டுப் பெண்கள்' என்கிறார். இந்த நோயின் பெரும்பாலான வகைகளில் பழுதான மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் மூட்டுகளுக்குள்ளும் இரத்தம் கசியும் கடுமையான வகை உண்டாகலாம். உங்கள் மகளுக்கு அந்தக் கடுமையான வகை இருப்பதற்கான அறிகுறி உங்கள் கடிதத்தில் இல்லை; இருந்திருந்தால் ஏ.பி.டி.டி.யே நீண்டிருக்கும். ஆனால் உங்கள் கணவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நாளை உறவுக்குள்ளேயே மகளுக்கு மணம் பேசும் எண்ணம் இருந்தால், அந்தப் பையனுக்குப் பரிசோதனை செய்யாமல் முடிவு செய்யாதீர்கள். நோய் உள்ள பெண்கள் மணம் செய்து, குழந்தை பெற்று, நலமாக வாழ்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் மூன்று வாரங்கள் வரை மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தால் உங்களுக்கு நேர்ந்தது அவளுக்கு நேராது. அவளிடமும் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். தன் உடலில் நடப்பது தன் குற்றம் என்றோ அசிங்கம் என்றோ நினைத்து, பள்ளியில் கறைபடுமோ என்று அஞ்சிக் கடைசி பெஞ்சில் ஒடுங்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மகன். டான்சில் அறுவைச் சிகிச்சைக்கு முன் அவனுக்கும் வழக்கமாக இரத்தக்கசிவு நேரமும் உறைவு நேரமும் மட்டும் பார்ப்பார்கள்; அவை சரியாகவே வரலாம். டான்சில் எடுத்த புண்ணின் மேல் படியும் வெண்படலம் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உதிரும். வாய், மூக்கு, கருப்பை போன்ற ஈரச் சவ்வுகளில்தான் இந்த நோயின் இரத்தக்கசிவு மிகுதி என்பதால், வீட்டுக்கு வந்த பிறகு, இரவில், தூக்கத்தில் தொண்டையில் இரத்தம் கசியத் தொடங்கும் ஆபத்து அவனுக்கு இருக்கக்கூடும். தாய்க்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருப்பதாகத் தெரிந்தால், அவனையும் பரிசோதித்து, தேவையானால் முன்கூட்டியே மருந்து கொடுத்து, இரத்தவியல் மருத்துவரும் உடனிருக்கும் மருத்துவமனையில் அதே அறுவைச் சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்துவிட முடியும். ஆகவே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே போய், குடும்பத்தில் உள்ள இரத்தக்கசிவு வரலாற்றை, குறிப்பாக உங்கள் பிரசவத்தைப் பற்றிச் சொல்லி, நீங்கள், மகள், மகன் ஆகிய மூவரின் அறிக்கைகளும் கைக்கு வரும் வரை தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.